பத்து கோரா, ஆறு கோரா? குடியாத்தம் அக்காவுக்கு ஒரு பதில்

குடியாத்தத்துலேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. லுங்கி மொத்த வியாபாரம் பண்றவங்க, பொண்ணு இந்த வருஷம் காட்பாடி பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கா, ஹாஸ்டல்லதான் தங்கறா, பையில போட்டு தூக்கிக்கினு போக மெல்லிசா, வெயிட் கம்மியா ஒரு லேப்டாப் வேணும். வேலூர்ல கடைக்கு போனா கிட்டத்தட்ட ஒரே விலையில ரெண்டு எடுத்து வெச்சிருக்காங்க, ஒண்ணுல இன்டெல் கோர் ஐ5-1335யு சிப்பு, இன்னொண்ணுல ஏஎம்டி ரைசன் 5 7530யு சிப்பு. "இதுல பத்து கோர் கீது, அதுல ஆறுதான் கீதுன்னு கடைக்காரரு சொல்றாரு தம்பி. பத்துன்னா நல்லதுதானே? ஆனா எங்க அண்ணன் பையன் ரைசன்தான் வாங்கணும்னு ஒத்த கால்ல நிக்கறான். லீவுக்கு வந்தா நானும் அதுல டாலி, எக்செல் பாப்பேன். இன்னா வாங்கறது?" இதுதான் கேள்வி.

அக்கா, மொதல்ல அந்த பத்து ஆறு கணக்க முடிச்சிடலாம். கோர்ங்கறது சிப்புக்குள்ள இருந்து வேலை செய்யற பகுதி. இன்டெல் 1335யு-ல இருக்கற பத்து கோரும் ஒரே மாதிரி கோர் கிடையாது, அதுல ரெண்டுதான் பெருசு, மீதி எட்டு சின்னது. உங்க தொழில்லயே சொல்லணும்னா, ஒரு ஷெட்ல நல்லா வேகமா ஓடற தறி ரெண்டு, நிதானமா கரண்ட் கம்மியா இழுத்து ஓடற தறி எட்டு போட்டிருக்காங்கன்னு வெச்சிக்கோங்க. பக்கத்து ஷெட்ல ஆறே தறிதான், ஆனா ஆறும் ஒரே மாதிரி வேகமான தறி, அதுதான் ரைசன் 7530யு. வெளியில போர்டுல இத்தனை தறின்னு எழுதியிருக்கறத மட்டும் பாத்து சாயங்காலம் எந்த ஷெட்ல அதிக லுங்கி இறங்கும்னு நீங்களே சொல்ல மாட்டீங்க இல்ல, அதே மாதிரிதான் இதுவும். இன்னொரு விஷயம், பெரிய கோர் ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல ரெண்டு வேலைய எடுத்துக்கும், சின்னது ஒண்ணுதான் எடுத்துக்கும். அப்போ இன்டெல்ல நாலு கூட்டல் எட்டு, பன்னெண்டு. ரைசன்ல ஆறு ரெண்டு பன்னெண்டு. ரெண்டு லேப்டாப்லயும் விண்டோஸோட கூடவே வர டாஸ்க் மேனேஜர தொறந்தா, லாஜிகல் ப்ராசசர்ங்கற இடத்துல ஒரே பன்னெண்டுதான் காட்டும்.

ரெண்டுமே 2023 ஜனவரில அறிவிச்ச சிப்புதான், ஆனா ரெண்டுமே முழுசா புதுசு கிடையாது. 1335யு-ங்கறது அதுக்கு முந்தின வருஷம் வந்த 1235யு-வோட அதே அமைப்பு, வேகம் மட்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ்லேருந்து 4.6 ஆச்சு. 7530யு-வும் 2022ல வந்த 5625யு-வோட அண்ணன் தம்பிதான், 4.3லேருந்து 4.5 ஆச்சு, உள்ள இருக்கற கோர் 2020 கடைசில வந்த ஜென் 3 வகை (ஜென்ங்கறது ஏஎம்டி கோரோட தலைமுறை பேரு). அதனால புதுசு பழசுன்னு சண்டை போட இங்க ஒண்ணும் இல்ல. ஒத்த வேலைய டக்குனு முடிக்கறதுல, அதாவது ஒரு ஃபைல தொறக்கறது, பெரிய எக்செல் ஷீட்ல ஃபில்டர் போடறது மாதிரி விஷயத்துல, இன்டெலோட அந்த ரெண்டு பெரிய கோர் கொஞ்சம் முன்ன நிக்கும். டாலிக்கு ரெண்டுல எது இருந்தாலும் தாராளம், அத பத்தி யோசிக்கவே வேணாம்.

நான் அழுத்தி சொல்ல நினைக்கறது வேற. இந்த மாதிரி மெல்லிசு லேப்டாப்ல சிப்போட பேர விட, அந்த சிப்பு எத்தனை வாட் இழுக்க அந்த பாடி விடுதுங்கறதுதான் வேகத்த முடிவு பண்ணும். 1335யு-வுக்கு இன்டெல் போட்டிருக்கற கணக்கு 15 வாட், ஆனா கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரைக்கும் ஏறலாம். 7530யு-வும் 15 வாட் சிப்புதான், அதுவும் தேவைப்பட்டா ஏறும், ஆனா அந்த அளவுக்கு பாயாது. 55 வாட் எல்லாம் ஒரே ஒரு சின்ன ஃபேனும் ஒல்லி செம்பு பைப்பும் இருக்கற லேப்டாப்ல எவ்ளோ நேரம் தாங்கும்னு நினைக்கறீங்க? கொஞ்ச நேரம்தான். அப்புறம் சூடு ஏறும், இன்டெல்ல 100 டிகிரி, ரைசன்ல 95 டிகிரி வந்தா சிப்பு தானாவே வேகத்த குறைச்சிக்கும், சில கம்பெனிங்க அந்த எல்லைக்கு போறதுக்கு முன்னாடியே வாட்ட குறைக்கற மாதிரிதான் செட் பண்ணி அனுப்பறாங்க. கடையில ஏசி போட்டு வெச்சி ஒரு விண்டோவ தொறந்து மூடி காட்டும்போது ரெண்டும் பறக்கும், உங்க பொண்ணு ஏசி இல்லாத ஹாஸ்டல் ரூம்ல, மே மாசம் வெளியில 40 டிகிரிக்கு மேல அடிக்கற வேலூர் வெயில்ல, ஒரு ப்ராஜெக்ட கம்பைல் போட்டுட்டு, அதாவது எழுதின ப்ரோக்ராம மெஷினுக்கு புரியற மாதிரி மாத்த விட்டுட்டு உக்காந்திருக்கும்போதுதான் உண்மையான வேகம் தெரியும். ரூமே 36, 37 டிகிரில இருந்தா ஃபேன் உள்ள இழுக்கற காத்தே சூடான காத்து, அது எத குளிர வைக்கும் பாவம்.

இத நான் மேசையில வெச்சி பாத்திருக்கேன். ஒரே சிப்பு, ரெண்டு வேற வேற பாடி. ஒண்ணு வெண்ணெய் கத்தி மாதிரி மெல்லிசு, ஒரு ஃபேன், இன்னொண்ணு கொஞ்சம் தடிப்பு, ரெண்டு ஃபேன். அதே வேலைய குடுத்தா மொத நிமிஷம் ரெண்டும் சமமா ஓடுது, பத்து நிமிஷம் கழிச்சி பாத்தா மெல்லிசு நல்லா இறங்கி போயிருக்கு, தடிப்பு அப்படியே ஓடுது, கீபோர்டு மேல கை வெச்சாலே வித்தியாசம் தெரியும். அதனால இன்டெல் ஜெயிக்குமா ரைசன் ஜெயிக்குமான்னு கேட்டா, எந்த பாடிக்குள்ள உக்காந்திருக்குன்னு நான் திருப்பி கேப்பேன்.

அடுத்தது ரேம், இதுலதான் நிறைய பேரு ஏமாந்து வராங்க. ரெண்டு சிப்புமே மெமரிய ரெண்டு பாதையில படிக்க கூடியது. ஒரே ஒரு 8 ஜிபி குச்சி மட்டும் போட்டு வித்தா ஒரு பாதை சும்மா கிடக்கும். இந்த ரெண்டு சிப்புலயும் படம் காட்டற கிராபிக்ஸுக்குன்னு தனியா மெமரி கிடையாது, அதுவும் இதே ரேம்லேருந்துதான் எடுத்துக்கும், அதனால அடி மொதல்ல கிராபிக்ஸ் மேலதான் விழும். போன வருஷம் சத்துவாச்சாரிலேருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான், "அண்ணா, நானும் என் ஃப்ரெண்டும் ஒரே மாடல்தான் வாங்கினோம், அவனுது நல்லா ஓடுது என்னுது இழுக்குது"ன்னு. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா அவனோட கிராபிக்ஸ் பேரு யுஹெச்டின்னு வருது, ஃப்ரெண்டோடதுல ஐரிஸ் எக்ஸ்இன்னு வருது. சிப்பு ரெண்டும் ஒண்ணேதான், ஆனா ரேம் ரெண்டு பாதையிலயும் இருந்தாதான் இன்டெல் அந்த ஐரிஸ் எக்ஸ்இ பேர குடுக்கும். பின்னாடி ஸ்க்ரூவ கழட்டி காலியா இருந்த ஸ்லாட்ல இன்னொரு 8 ஜிபி குச்சிய அழுத்தினேன், டக்குனு சத்தம் வந்து ரெண்டு பக்க கிளிப்பும் புடிச்சிது, ஆன் பண்ணா பேரே மாறி வந்துது. பையன் நம்பவே இல்ல, ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணி பாத்தான். ரைசன்ல பேரு மாறாது, ரெண்டு நேரத்துலயும் ரேடியான்தான்னு காட்டும், ஆனா நஷ்டம் அதே மாதிரிதான் இருக்கும், வெளியில தெரியாது, அவ்ளோதான்.

உங்க பொண்ணுக்கு 16 ஜிபி கண்டிப்பா வேணும் அக்கா, இதுல சமாதானம் ஆகாதீங்க. போன் ஆப் எழுதற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, லேப்டாப்புக்குள்ளயே ஒரு போன் மாதிரி ஓடற எமுலேட்டர், பக்கத்துல க்ரோம்ல இருவது டேப் இருந்தா 8 ஜிபி மூச்சு முட்டும். மெல்லிசு லேப்டாப்ல சிலதுல ரேம மதர்போர்டோட சேத்து ஈயம் வெச்சிடறாங்க, அப்புறம் ஏத்தவே முடியாது, சிலதுல 8 ஜிபி ஒட்டி, கூட ஒரு ஸ்லாட் குடுப்பாங்க. இத வாங்கறதுக்கு முன்னாடி கேட்டே ஆகணும்.

சிப்போட நம்பரயும் ஒரு தடவை எழுத்துக்கு எழுத்து படிங்க. 7530யு-வும் 7520யு-வும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ரெண்டு மேலயும் ரைசன் 5ன்னுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனா 7520யு-ல நாலே கோர், அதுவும் பழைய ஜென் 2. இந்த 7000 வரிசைல மூணாவது நம்பர்தான் உள்ள இருக்கற கோரோட வயச சொல்லும், 2ன்னா ஜென் 2, 3ன்னா ஜென் 3, 4ன்னா ஜென் 4. "ரைசன் 5 மேடம், அதேதான்"னு யாராவது சொன்னா அந்த மூணாவது நம்பர பாத்துட்டு அப்புறம் தலையாட்டுங்க. இன்டெல்ல கடைசி எழுத்த பாக்கணும், யு-ன்னா 15 வாட், பி-ன்னா 28, ஹெச்-ன்னா 45, ஐ5ங்கற பேரு எல்லாத்துலயும் இருக்கும்.

கிராபிக்ஸ்ல ரெண்டும் பெரிய வித்தியாசம் இல்ல, கேம் ஆடறதுக்கு வாங்கற மெஷின் ரெண்டும் கிடையாது. ஒரு இடத்துல மட்டும் இன்டெல் கெட்டி, ஏவி1ங்கற புது வகை வீடியோவ அது சிப்புலயே நேரா ஓட்டும், 7530யு-ல இருக்கற பழைய வேகா கிராபிக்ஸுக்கு அது தெரியாது, கோர் மேல வேலைய போட்டுதான் ஓட்டும், அப்போ பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் போகும். பேட்டரின்னு வந்தா சிப்ப விட பேட்டரி மேல எழுதியிருக்கற வாட் அவர் கணக்குதான் முக்கியம். 42 வாட் அவர் பேட்டரி, மெஷின் சராசரியா 7 வாட் இழுக்குதுன்னா 6 மணி நேரம் வரும், அதே 7 வாட்டுக்கு 56 வாட் அவர் இருந்தா 8 மணி நேரம். மாசாமாசம் பராமரிப்புன்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் புடுங்கறாங்களே, அன்னிக்கு இந்த ரெண்டு மணி நேரம் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, எது வாங்கறது. ஒண்ணுல 16 ஜிபி ரெண்டு பாதையில இருந்து, இன்னொண்ணுல ஒத்த 8 ஜிபி ஒட்டி வெச்சிருந்தா, சிப்பு பேரு எதுவா இருந்தாலும் 16 ஜிபி இருக்கறதயே எடுங்க. ரேமும் பாடியும் ரெண்டுலயும் சமமா இருந்தா, உங்க பொண்ணுக்கு நான் ரைசன் 7530யு-தான் சொல்வேன். காரணம், கம்பைல் மாதிரி நீளமா ஓடற வேலைல, வெயில்ல வாட் குறைஞ்சி போன பிறகும் ஆறு பெரிய கோரும் சமமா பங்கு போட்டு நிதானமா ஓடும், இன்டெல் மாதிரி ஒரு நிமிஷம் பாய்ஞ்சி ஃபேன் கத்தி அப்புறம் இறங்கற வேலை கம்மி. உங்க அண்ணன் பையன் சொன்னது சரிதான், ஆனா ரேம பாக்காம அடம் புடிக்க கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. இதே லேப்டாப் முக்கியமா உங்க கணக்கு வேலைக்குன்னு இருந்தா நான் இன்டெல் பக்கம் போயிருப்பேன்.

கடைக்கு மறுபடி போகும்போது பொண்ண கூட்டிக்கினு போங்க. டெமோ பீஸ்ல செவன்-ஜிப்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் போட சொல்லுங்க, அதுல டூல்ஸ் மெனுவுக்குள்ள பெஞ்ச்மார்க்னு ஒரு வேக சோதனை இருக்கும், அத ஓட விட்டுட்டு (நடுவுல நின்னா மறுபடி ஓட விட்டு) டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்த தொறந்து வெச்சி சிபியு ஸ்பீட பாருங்க. மொத நிமிஷத்துல எவ்ளோன்னு ஒரு போட்டோ, பத்து நிமிஷம் கழிச்சி ஒரு போட்டோ. ரெண்டு லேப்டாப்லயும் இத செஞ்சி, பத்தாவது நிமிஷத்து போட்டோவ அதே லேப்டாப்போட மொத நிமிஷத்தோட வெச்சி பாருங்க. இன்டெல்ல ரெண்டு வகை கோர் இருக்கறதால அதோட ஸ்பீட் நம்பர ரைசன் நம்பரோட நேரா ஒப்பிட வேணாம், எது அதிகமா இறங்குதுங்கறததான் பாக்கணும். ரெண்டு மெஷினுக்கு நடுவுல யாரு வேகம்னு சொல்ல, அந்த பெஞ்ச்மார்க்ல கீழ வர மொத்த ரேட்டிங்க ஒப்பிடுங்க, அதுல பெரிய நம்பர்தான் நல்லது. அதே பக்கத்துல மெமரிய அமுக்கினா எத்தனை ஸ்லாட்ல எத்தனை போட்டிருக்குன்னும் காட்டும். போர்டோட ஒட்டின ரேம சில மாடல்ல குழப்பமா காட்டும், அப்போ மாடல் நம்பர குறிச்சிக்கினு வந்து எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன். கடைக்காரர் பத்து நிமிஷம் ஓட விடமாட்டேன்னா பக்கத்து கடைக்கு போங்க, ஆற்காடு ரோட்டுல கடைக்கா பஞ்சம்.

வாங்கின பிறகு ஒண்ணு மட்டும் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, மெத்தை மேல வெச்சி ஓட்டக்கூடாது. கீழ இருக்கற ஓட்டை வழியாதான் காத்து உள்ள போகுது, போர்வை அத அடைச்சிடும். போன மாசம் ஒரு மெஷின தொறந்தேன், ஃபேனுக்கும் அந்த செம்பு தகட்டுக்கும் நடுவுல தூசி படிஞ்சி கம்பளி மாதிரி ஒரு பட்டையா நின்னுக்கினு இருந்துது, சாமணத்தால புடிச்சி இழுத்தா அப்படியே ஒரே துண்டா வந்துது. பெயிண்ட் பிரஷ்ல தட்டி, சிப்பு சூட்ட கடத்தற பேஸ்ட் மாத்தி குடுத்தேன், ஃபேன் சத்தமே அடங்கிடுச்சி. ஹாஸ்டல்ல மேசை இல்லன்னா எழுதற பலகை ஒண்ணு போதும், வருஷத்துக்கு ஒரு தடவை கத்திரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொறந்து தூசி தட்டிடுங்க.

பில்லுல சிப்போட முழு நம்பரும், ரேம் 16 ஜிபின்னும், அது எட்டு எட்டா ரெண்டா ஒத்தையா இருக்கான்னும் எழுதி வாங்கிக்கோங்க அக்கா.