வேலூர்ப் பக்கம் நடந்த பழைய விவாகரத்து வழக்கின் நகலை எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது?

உங்கள் தாயாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் வேலூர்ப் பக்கத்தில் விவாகரத்து ஆனதாகவும், கையில் ஒரு தாளும் இல்லை, வழக்கு எண்ணும் தெரியாது, அன்றைய வக்கீலும் இப்போது இல்லை என்றும், இந்த நிலையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பதா, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டிலும் கிடைக்காது. பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு நம்மிடம் பதிவேடுகள் உண்டு. விவாகரத்துக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. சார்பதிவாளரிடம் பதிவான திருமணமாக இருந்தாலும், அது முறிந்த செய்தி அந்த அலுவலகத்துக்குத் தானாக வந்து சேராது. வழக்கை முடித்துவைத்த நீதிமன்றத்தின் ஆவணக் காப்பறையில் இருக்கும் வழக்குக் கட்டுதான் ஒரே ஆதாரம். ஆகவே எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, என்ன எண் என்ற மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. நகல் கேட்பது அதன் பிறகு வரும் சிறிய வேலை. என் அக்காவுக்காக இரண்டையும் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் தந்தையார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெற்றுவந்த அம்மா 2021-இல் காலமானார். பெற்றோரைச் சார்ந்து வாழும் விவாகரத்தான மகளுக்கு, வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மத்திய அரசு விதிகளின்படி அந்த ஓய்வூதியம் தொடர வழி உண்டு. அக்காவுக்கு 1996-இல் விவாகரத்து ஆனது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அதைக் காட்ட வீட்டில் ஒரு துண்டுத் தாள் இல்லை. வழக்குத் தொடுத்தவர் அத்தான். அக்கா எதிர்மனுதாரராகச் சில வாய்தாக்களுக்குப் போய்வந்தார். தீர்ப்பு வந்ததும், "முடிந்தது சனியன்" என்று அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 23(4)ஆம் பிரிவு, விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் இலவசமாகவே வழங்க வேண்டும் என்கிறது. அன்றைக்கு அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

நாங்கள் காட்பாடிக்காரர்கள் என்பதால், சத்துவாச்சாரியில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் முடிந்துவிடும் என்று நம்பி, அங்கே இரண்டு நாள்களை வீணாக்கினேன். பிழை என்னுடையது. அக்கா எங்கே இருந்தார் என்று பார்த்தேனே தவிர, வழக்கு எங்கே தொடுத்திருக்க முடியும் என்று யோசிக்கவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், மனுப் போடும்போது எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்று எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பொதுவாக வழக்குத் தொடுக்க முடியும். மனைவி தானே வழக்குப் போடும்போது, தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்ற வசதி 2003-இல் செய்த திருத்தத்தில்தான் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வழக்கு என்றால், தாய்வீட்டு ஊரின் நீதிமன்றத்தை மட்டும் துழாவிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திருமணப் பத்திரிகையை எடுத்து மண்டபமோ கோயிலோ எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாகக் குடித்தனம் நடத்திய வீட்டின் முகவரிக்குப் பழைய ரேஷன் கார்டைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் விடை இருக்கும். எங்களுக்கு அது பழைய வட ஆற்காட்டின் மேற்குக் கோடியில் இருந்த ஒரு சார்பு நீதிமன்றமாக (சப் கோர்ட்) அமைந்தது.

பழைய வட ஆற்காடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989 செப்டம்பர் வரை திருவண்ணாமலை, ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி எல்லாம் வேலூரைத் தலைநகராகக் கொண்ட ஒரே மாவட்டம். அந்த ஆண்டு அது வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என இரண்டானது. முன்னது பிற்பாடு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் அதிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. எனவே ஒரே ஊரின் வழக்கு, ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு மாவட்டப் பெயரைத் தலைப்பில் தாங்கியிருக்கும். அக்காவின் தீர்ப்பாணையில் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ஓய்வூதியப் பிரிவில் ஓர் எழுத்தர், இப்படி ஒரு மாவட்டமே கிடையாதே என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லவே ஒரு பிற்பகல் போனது. இன்னொன்று, குடும்பநல நீதிமன்றம் இல்லாத காலத்திலும் இடத்திலும் இந்துத் திருமண வழக்குகள் நம் பக்கத்தில் சார்பு நீதிமன்றங்களில்தான் நடந்தன. குடும்பநல நீதிமன்றம் வந்தபோது, அதன் எல்லைக்குள் நிலுவையில் இருந்த வழக்குகள் அங்கே மாற்றப்பட்டன. ஆகவே உங்கள் தாயாரின் வழக்குக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என இரண்டு இருக்கக்கூடும்.

இணையத்தில் தேட முடியுமா என்றால், சமீப ஆண்டுகளின் வழக்குகளுக்கு முடியும். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, முடிந்த வழக்குகள் என்ற பகுதியில் பார்க்க வேண்டும். வேலூரில் அகப்படாவிட்டால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பெயர்களிலும் பாருங்கள். பெயரை முழுமையாக அடிக்காதீர்கள். ஒரே லட்சுமியை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள் என்பதால், முதல் மூன்று நான்கு எழுத்துகளோடு நிறுத்துவது நல்லது. வழக்கு கிடைத்தால், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணை, அதாவது அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் வரும். குடும்ப வழக்குகளின் தீர்ப்புரை அங்கே திறக்கவில்லை என்று கலங்க வேண்டாம். உங்களுக்கு அங்கிருந்து தேவைப்படுவது எண்ணும் முடிவான தேதியும் மட்டுமே. 1990-களின் வழக்கைக் கணினியில் எதிர்பார்ப்பது வீண்.

பழைய வழக்குக்குப் பதிவேடுதான் கதி. இங்கே வக்கீலைவிட வக்கீல் குமாஸ்தாவின் உதவி பெரிது என்பது என் அனுபவம். அந்த நீதிமன்றத்திலேயே முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு பெரியவரை எங்கள் வக்கீல் பிடித்துக்கொடுத்தார். அவர் என்னிடம் முதலில் கேட்டது, "மனுதாரர் பெயர் என்ன?" என்பதுதான். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். "அந்தம்மா பேர் வேணாம் தம்பி, கேஸ் போட்டது யாரு?" என்று திருப்பிக் கேட்டார். பதிவேட்டில் ஒவ்வொரு வழக்கும் மனுதாரரின் பெயரில்தான் தொடங்குகிறது. 1994-ஆம் ஆண்டின் இந்துத் திருமண மூல மனுக்களின் பக்கங்களை அத்தானின் பெயருக்காகத் திருப்பியபோது, மூன்றாவது பக்கத்திலேயே அகப்பட்டது. எண், தாக்கலான தேதி, இரு தரப்புப் பெயர், கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் முடிவும் தேதியும். பத்து ஆண்டு மணவாழ்க்கை அரை அங்குல உயரமுள்ள ஒரு வரிசையில் அடங்கியிருந்தது. சம்மதத்தின் பேரில் பிரிந்தவர்கள் என்றால் இருவருமே மனுதாரர்கள், முதலில் யார் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டு பெயரிலும் தேடுங்கள். எச்.எம்.ஓ.பி. என்ற எழுத்துகளைக் கண்டால் அது இந்துத் திருமண மூல மனு.

எண் கிடைத்ததும் நகல் மனுவைப் போடலாம். வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர், முடிவான தேதி, எந்தெந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்பவற்றை எழுதி, உரிய நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். வழக்கின் தரப்பினர் என்ற உரிமையில் உங்கள் தாயாரே கையொப்பமிடுவதுதான் எளிது. இந்த இடத்தில் நான் செய்த இரண்டாவது பிழையைச் சொல்லிவிடுகிறேன். "தீர்ப்பின் நகல்" என்று மட்டும் எழுதினேன். பதினோரு பக்கத் தீர்ப்புரை வந்தது. ஓய்வூதியப் பிரிவில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தீர்ப்பாணை எங்கே என்று கேட்டார்கள். தீர்ப்புரை என்பது நீதிபதி காரணங்களைச் சொல்லும் பகுதி. தீர்ப்பாணை என்பது, மனு எப்போது தாக்கலானது, யார் யார் தரப்பினர், இன்ன தேதியில் நடந்த திருமணம் இதனால் கலைக்கப்படுகிறது என்பதை ஓரிரு பக்கத்தில் சொல்லும் ஆணை. மறுமணப் பதிவானாலும், விசாவானாலும், ஓய்வூதியமானாலும் முதலில் கேட்கப்படுவது இரண்டாவதுதான். தந்தையோ தாயோ உயிருடன் இருந்தபோதே மனு தாக்கலாகி, தீர்ப்பு அவர்கள் காலத்துக்குப் பின் வந்த மகள்களுக்கும் மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 2017-இல் தெளிவுபடுத்தப்பட்டதால், அந்தத் தாக்கல் தேதிக்கும் இப்போது மதிப்பு வந்திருக்கிறது. ஆகவே மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி கேட்டுவிடுங்கள்.

மனுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. காப்பறையிலிருந்து கட்டு வந்தபின், எத்தனை பக்கம், எவ்வளவு முத்திரைத்தாள் அல்லது கட்டணம் என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமாஸ்தா அந்தப் பலகையைத் தினமும் பார்ப்பவர் என்பதால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. மனு, எதிருரை, சாட்சியம் முதலியவை குறிப்பிட்ட காலத்துக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுபவை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, தீர்ப்புரையையும் தீர்ப்பாணையையும் முதலில் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் வேலை எளிதாகுமே என்று பலர் யோசனை சொல்வார்கள். நீதிமன்ற ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அந்த வழியில் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தரப்பினர் அல்லாத ஒருவர் நகல் கேட்டால், எதற்காகத் தேவை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். மண வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை, அவற்றை வெளியிடுவதையே இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதால், அந்த அனுமதி எளிதில் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. பெண் பார்க்கப் போகுமுன் பையனின் பழைய வழக்கை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தரச் சொல்லித் தரகர்கள் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பையனிடமே தீர்ப்பாணையைக் காட்டச் சொல்வதுதான் முறை, விரைவும்கூட.

உங்கள் தாயாரின் திருமணம் கிறித்தவத் திருமணமாக இருந்தால் ஒரு வேறுபாடு உண்டு. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், மாவட்ட நீதிமன்றம் வழங்கிய விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தால்தான் அது முழுமையாகும். ஆகவே அக்காலத்து வழக்குக்குச் சென்னையிலும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் ஜமாத் கொடுத்த தாளை வைத்திருப்பார்கள். மனைவி கோரும் குலா முறிவுக்குத் தனியார் அமைப்புகள் தரும் சான்று செல்லாது, குடும்பநல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "அத்துவிட்டதாக" எழுதி வாங்கியவர்களும் நம் பக்கத்தில் குறைவில்லை. சாதி வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் அறவே ஒதுக்கவில்லை என்றாலும், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அந்தப் பத்திரம் மட்டும் எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் சொன்னாலோ, 15100 என்ற எண்ணில் அழைத்தாலோ வக்கீல் ஏற்பாடு செய்வார்கள்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என ஐந்து தேதிகளும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். பிறகு முன்பக்கத்துக்கு வந்து பெயரையும் தலைப்பெழுத்தையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அக்காவின் ஆதாரில் தந்தையின் தலைப்பெழுத்து, தீர்ப்பாணையிலோ அத்தானின் தலைப்பெழுத்து. இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து அதைச் சரிக்கட்டினோம். ஆனால் பெயரோ திருமணத் தேதியோ எழுத்துப் பிழையாகவே விழுந்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றத்தில் திருத்த மனுப் போட வேண்டியிருக்கும். அதை அன்றைக்கே வக்கீலிடம் காட்டிவிட்டு ஊர் திரும்புங்கள்.