கொரிய மாணவருடன் ஆங்கிலம் பேச எங்கே தொடங்குவது?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் கொரிய மாணவர் ஒருவருடன் வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும், வாய்தான் திறப்பதில்லை. அமெரிக்கக் கலாசாரம் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். எப்படித் தொடங்குவது? நானே மதுரையிலிருந்து வந்தவள்.

பதில்: ஜனாதிபதிகள், ஹாலிவுட் போன்ற பெரிய தலைப்புகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் பேசுவீர்கள், அவர் தலையாட்டுவார், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்த வாரம் அவர் நேரில் சந்தித்த ஏதாவது ஒன்றை எடுங்கள்.

உதாரணமாக, ஓட்டல் பில். கொரியாவில் டிப்ஸ் வழக்கம் அநேகமாகக் கிடையாது. மெனுவில் உள்ள விலையிலேயே வரியும் அடக்கம். இங்கே வரி தனியாக ஏறும், அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். புதிதாக வந்தவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சல் இருக்கும் இடத்தில் பேச்சும் தானாக வரும். பில்லை மேசையில் வைத்து, எது விசித்திரமாகப் பட்டது என்று கேளுங்கள். அவர் திணறினாலும் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

ஏன் இப்படி என்று கேட்பார். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய தொகை, மத்திய அரசின் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான், 1991-லிருந்து அது உயரவில்லை. டிப்ஸும் சேர்ந்து குறைந்தது 7.25 டாலர் வரவேண்டும். ஒஹாயோ உட்படப் பல மாநிலங்களில் இதைவிட அதிகம். இதைச் சொல்லிவிட்டு, 'இது நியாயமா?' என்று கேளுங்கள். கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும்போது ஒரு சொல் பதில் போதாது, காரணமும் சொல்லியாக வேண்டும். அப்புறம் அவர் வாடிக்கையாளராகவும் நீங்கள் சர்வராகவும் கொஞ்ச நேரம் பேசிப்பாருங்கள்.

பிழைகளை உடனுக்குடன் திருத்த வேண்டாம். 'ஐ கோ தேர் யெஸ்டர்டே' என்றால், 'ஓ, யூ வென்ட் யெஸ்டர்டே? வாட் டிட் யூ ஈட்?' என்று சரியான வடிவத்தை உங்கள் பேச்சில் சேர்த்துவிட்டு மேலே போங்கள். புரியாமல் போகிற அளவுக்குப் பிழை இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

வயது விஷயத்தையும் ஒருநாள் பேசிவிடுங்கள். கொரிய மொழியில் மரியாதை வடிவம் வயதைப் பொறுத்தும் மாறும் என்பதால் அங்கே புதியவரிடம் வயது கேட்பது சகஜம். இங்கே முகம் சுளிப்பார்கள்.

மதுரைக்காரர் என்று தயங்காதீர்கள். இந்த ஊர் வழக்கங்களை வெளியிலிருந்து வந்து கற்றவர் நீங்கள். எங்கே குழப்பம் வரும் என்று இங்கேயே பிறந்தவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வந்த புதிதில் உங்களுக்கு விளங்காதவற்றையும் சொல்லுங்கள்.

நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், அறுவடைக்கு நன்றி சொல்லிக் குடும்பமாக விருந்துண்ணும் அமெரிக்கத் திருநாள். யாராவது அவரை வீட்டு விருந்துக்கு அழைக்கலாம். என்ன கொண்டுபோவது, பிடிக்காததை எப்படி மறுப்பது, எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் அதற்கு முந்தைய வாரமே பேசிப் பழகிவிடுங்கள். கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக் பற்றி அவரையே விளக்கச் சொல்லுங்கள். விருந்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.