கூட்டுக்கு வெளியே கோழிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கேள்வி: பத்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். எட்டு நாட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். நான்கடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள கம்பிவலைக் கூடு இருக்கிறது. திறந்துவிட்டால் பக்கத்து விளையில் போய் மரச்சீனி மூடுகளையும் கீரைப் பாத்தியையும் கிளறுகின்றன. இரண்டு கோழிகளைக் கீரியும் பிடித்துவிட்டது. தீனியும் தண்ணீரும் கூட்டிலேயே வைத்து, பகலிலும் அடைத்தே வளர்த்தால் போதாதா? வெளியிடம் உண்மையிலேயே தேவையா?
– வாசகி, குலசேகரம்.

பதில்: தேவைதான், சகோதரி. உங்கள் கூட்டின் பரப்பு 24 சதுர அடி; ஒன்பது கோழிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டே முக்கால் சதுர அடிக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இரவில் பரணில் ஏறி உறங்க இது தாராளம். ஆனால் விடியற்காலை முதல் அந்தி வரை பன்னிரண்டு மணி நேரத்தையும் அதற்குள்ளேயே கழிக்கும்படி விடுவது அந்தப் பறவைகளுக்குச் செய்யும் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

தீனிச்சட்டி நிறைந்திருந்தாலும் கோழி மண்ணைக் கிளறுவதை நிறுத்தாது. பசி தீர்ந்த பிறகும் கிளறுவதும் கொத்துவதும் அதன் பிறவிக் குணம். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும், பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளில் இன்றும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியும் பகலின் பெரும்பகுதியைச் சருகுகளைக் கிளறி இரை தேடுவதிலேயே கழிக்கின்றன. கிளற மண் கிடைக்காத கோழியின் அலகு அடுத்த கோழியின் இறகைத் தேடிப் போகிறது. முதலில் வாலடியில் இறகு உதிரும். பிறகு தோல் சிவக்கும். ஒருமுறை இரத்தம் கண்டுவிட்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தி, பலவீனமான கோழியைக் கொன்றே விடுவதுண்டு. முட்டையை உடைத்துக் குடிக்கும் பழக்கமும் இத்தகைய நெருக்கடியில் எளிதாகத் தொற்றிக்கொள்ளும்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழிகள் கூண்டிலேயே இருந்து முட்டையிடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இடுகின்றன. ஆனால் அங்கே வைட்டமின்களும் தாது உப்புகளும் அளந்து கலந்த தீவனம் கொடுக்கிறார்கள். ஒன்றையொன்று கொத்தாதிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முட்டைக் கோழிகளைப் பழைய வகை வெற்றுக் கம்பிக் கூண்டுகளில் வளர்ப்பது 2012 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அரிசியும் தவிடும் அடுக்களை மிச்சமும் தின்று வளரும் நாட்டுக்கோழிக்கு வைட்டமின், தாது உப்புக் குறையை நிரப்புவது வெளியிடம்தான். உடலில் வெயில் படும்போதுதான் அதற்கு வைட்டமின் டி உருவாகிறது. அது குறைந்தால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் முட்டை ஓடு மெலிந்துவிடும். உலர்ந்த மண்ணில் புரண்டு குளிப்பதும் அப்படியே: இறகிடையில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் செள்ளும் அதனால்தான் நீங்குகின்றன.

இனி அளவு. திறந்தவெளிக் கோழி முட்டை என்று விற்பதற்கு ஐரோப்பிய விதி கேட்கும் வெளியிடம் ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 43 சதுர அடி. உங்கள் ஒன்பது கோழிகளுக்கு 390 சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி என்பதால், பத்து சென்ட்டில் ஒரு சென்ட்டை ஒதுக்கினாலே அந்த அளவு நிறைந்துவிடும். அதுவும் முடியாதவர்கள் கோழிக்குப் பத்து சதுர அடியாவது வேலி கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் நம் குமரி மாவட்டத்தில் பரப்பைவிட ஈரத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இரண்டும் நனைக்கும் மண் இது. ரப்பர் நிழல் விழும் உங்கள் பகுதியில் தரை உலர நாளாகும். எச்சமும் சேறும் கலந்து கிடக்கும் இடத்தில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் பெருகும். குஞ்சுகளே முதலில் சாகும். ஆகவே கூட்டை ஒட்டி வேலியிடும் இடத்தில் பாதிக்கு ஓலையோ தகரமோ வேய்ந்து, தரையை அரையடி உயர்த்தி மணல் நிரப்புங்கள். மழை நாளிலும் அந்தப் பாதி உலர்ந்திருக்கும். அதன் ஒரு மூலையில் மணலோடு அடுப்புச் சாம்பலைக் கலந்து கொட்டிவையுங்கள். கோழிகள் தாமாகவே அதில் புரளும். திறந்திருக்கும் மறுபாதியை நடுவே தடுத்து மாற்றி மாற்றித் திறந்தால் புல் மீண்டும் தழைக்கும்.

கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தரைக்குள் ஓரடி புதைத்துக் கட்டினால் கீரியால் தோண்டி நுழைய இயலாது. மேலே நைலான் வலை விரித்தால் பருந்தும் வல்லூறும் இறங்க மாட்டா. குஞ்சோடிருக்கும் தாயைச் சில வாரங்களுக்குப் பஞ்சாரத்தில் அடைத்து வைப்பதே நல்லது.

வேலி கட்டப் பணம் சேரும் வரை மாலை நான்கு மணிக்குத் திறந்துவிட்டு, அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிட்டுவிடும்; அந்தி மங்கியதும் யாரும் அழைக்காமலே கூட்டுக்குத் திரும்பும். இரண்டு மணி நேரத்திற்குள் அவை வெகுதூரம் போவதில்லை என்பதால் பக்கத்து வீட்டாரின் மனவருத்தமும் குறையும். பக்கத்து விளையில் கிளறப்பட்ட பாத்தியைச் சரிசெய்து கொடுப்பதும், அவ்வப்போது நான்கு முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் கடமை என்றே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை மிக முக்கியமானது. வாழைக் குழிகளில் இடும் குருணை மருந்தைக் கோழி தானியமென்று கொத்திவிடும், பிழைப்பது அரிது. அக்கம்பக்கத்தில் யாராவது வாழை நட்டால் மருந்து இட்டார்களா என்று கேட்டறிந்து, இட்டிருந்தால் கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் பரவி, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கும் காலங்களில், கால்நடை மருத்துவர் சொல்லும் வரை கோழிகளை வெளியே அலையவிடக் கூடாது. அப்போது கூரை போட்ட அந்தப் பாதி வேலியிடமே அவற்றுக்கு வெளியிடமாக உதவும். வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசியை, அடைத்து வளர்த்தாலும் திறந்து வளர்த்தாலும், தவறாமல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மண்ணே இல்லை, மாடியில் நான்கு கோழிகள் வளர்க்கிறோம். அவற்றுக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், கோட்டாறு.

பதில்: ஐந்தடிக்கு எட்டடி அளவில் செங்கல் அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்து, நீர் வடிய ஒரு பக்கம் வழி விட்டு, அரையடி உயரத்திற்கு மணலும் சருகும் நிரப்பினால் நான்கு கோழிகள் கிளறுவதற்கு ஒரு தரை கிடைத்துவிடும். மாடித் தளத்தின் சூடுதான் பெரும் பகை. மார்ச் முதல் மே வரை நண்பகலில் சிமென்ட் தரை கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். பச்சை நிழல்வலையையும் அதன்மேல் தென்னோலையையும் போட்டுத் தண்ணீர்ச் சட்டியை நிழலில் வையுங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டடி வலை கட்டுவது அவசியம். ஈரமான சருகை வாரந்தோறும் அள்ளி மாற்றிவிட வேண்டும். அதைச் செய்ய நேரமில்லையென்றால் இரண்டு கோழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.