பஸ்ஸில் போய் மலை ஏறி அன்றே திரும்ப: வேலூர் வட்டாரத்துக் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் சேர்ந்து வட ஆற்காடு. இந்தப் பக்கம் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு பாறை மலை தெரியும். பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு இந்த மலைகளில் ஏறி இறங்குகிறேன். எங்களில் யாரிடமும் கார் கிடையாது. பஸ், இல்லாவிட்டால் ரயில். அப்படிப் போய்வர நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, நாங்க ஏழு பேர். யாருமே மலை ஏறினதில்ல. முதல்ல எங்க போகலாம்?

வள்ளிமலைக்குப் போங்க தம்பி. காட்பாடியிலிருந்து ரொம்பப் பக்கம். 444 படி. நிதானமாக ஏறினாலும் முக்கால் மணி நேரத்தில் மேலே இருக்கலாம். புதிதாக ஏறுபவர்களுக்கு மூச்சு வாங்கும், ஆனால் பயம் வராது.

படி ஏறிக் கோயிலைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மலையின் சுகமே அதற்கப்புறம்தான் இருக்கிறது. முருகன் சன்னதி பாறையைக் குடைந்தது. உள்ளே போனதும் வெளி வெயில் சட்டென்று விட்டுப்போகும், பாறையில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். வெளியே வந்து மேலே நடந்தால் திருப்புகழ் சுவாமிகள் என்று எல்லோரும் சொல்லும் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமம். வள்ளி தினைப்புனம் காத்த இடம், மஞ்சள் அரைத்த பாறை, வெயில் படாத சுனை, அவளை மிரட்ட விநாயகர் யானையாக வந்து நின்ற குன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டே நடங்கள். அந்த யானைக் குன்றைப் பக்கவாட்டில் பார்த்தால் நிஜமாகவே மத்தகமும் முதுகும் தெரியும்.

சமணக் குகையையும் விட்டுவிடாதீர்கள். பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கங்க மன்னன் ராஜமல்லன் இந்தக் குகையை அமைத்ததைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதன் மொழி கன்னடம். ஒரே மலையில் குறவர் மகளின் கதையும் கங்க அரசனின் கல்வெட்டும் இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆற்காட்டிலிருந்து: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

கிளம்பும் நேரத்தை அப்புறம் பார்க்கலாம். திரும்பும் பஸ்ஸை முதலில் கேளுங்கள். மலையடிவாரத்தில் இறங்கியவுடன், டீ குடிப்பதற்கும் முன்னால், டீக்கடைக்காரரிடம் "திரும்பிப் போற பஸ் எப்ப எப்ப?" என்று கேளுங்கள். கண்டக்டருக்குத் தன் வண்டி நேரம் மட்டும்தான் தெரியும். டீக்கடைக்காரருக்கு எல்லா வண்டி நேரமும் தெரியும், எந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை வராது என்பதும் தெரியும். அவர் சொல்வதில் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்தான் உங்களுக்குக் கடைசி பஸ். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: இறங்க இவ்வளவு, மேலே உட்கார இவ்வளவு, ஏற இவ்வளவு.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்ப நாட்களில் ஒரு மலையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம் என்று ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டோம். அடிவாரம் வந்தபோது கடைசி பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. விளக்கில்லாத சாலையில் நடந்தோம். எதிரில் வரும் லாரி வெளிச்சம் கண்ணைக் கூச வைத்து, அது கடந்ததும் சாலையே தெரியாமல் போகும். ஒரு நண்பனுக்கு முட்டி வீங்கி நடக்க முடியவில்லை, இரண்டு பேர் தாங்கிக்கொண்டோம். கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். அன்று வீட்டில் காத்திருந்தவர்கள் பட்ட கவலையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: நாங்கள் ஐந்து பெண்கள் மட்டும். சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். கோயில் உள்ள மலையாக, ஆள் நடமாட்டம் இருக்கும் நாளாகப் பாருங்கள். ஞாயிறு, கிருத்திகை நாட்களில் வழி முழுக்கக் குடும்பங்கள் இருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் டவுன் பஸ் போகும் மலைக்குச் செலவும் குறைவு. எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஆண்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

குடியாத்தத்திலிருந்து: ஏலகிரியில இருக்கிற சாமி மலை ஏறணும்னு ஆசை. ஏலகிரிக்கு பஸ்லயே போக முடியுமா சார்?

முடியும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். திருப்பத்தூரிலிருந்தும் பஸ் உண்டு. பொன்னேரி தாண்டியதும் 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், கம்பர், பாரி, காரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். வாந்தி வரும் ஆட்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

சாமி மலை உச்சி 4,300 அடிக்கு மேல் என்றதும் மலைக்க வேண்டாம். ஏலகிரி ஊரே 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. பெரும்பகுதியை பஸ்ஸே ஏறிவிடுகிறது. மங்களம் கிராமத்திலிருந்து நீங்கள் நடந்து ஏறுவது மிச்சத்தை மட்டும்தான். ஆனால் இது படிக்கட்டு இல்லை, காட்டுப் பாதை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன அத்தனை பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஏறுவதை வனத்துறை சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. சாமி மலையும் அதில் இருக்கிறது. பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்து, முன்கூட்டியே பதியுங்கள்.

வாலாஜாவிலிருந்து: அம்மாவுக்கு 63 வயசு, முட்டி வலி. சோளிங்கர் பெரிய மலை ஏறியே ஆகணும்னு நிக்கிறாங்க.

பெரிய மலை யோக நரசிம்மருக்கு 1,305 படி. எதிரே சின்ன மலை ஆஞ்சநேயருக்கு 406 படி. 2024 மார்ச் முதல் பெரிய மலைக்கு ரோப் கார் ஓடுகிறது. எல்லோரும் ரோப் காரில் ஏறி, நடந்து இறங்கலாம் என்று நினைப்பார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இது தலைகீழ். ஏறும்போது வேலை தொடைக்கும் மூச்சுக்கும். இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் உடம்பு எடை முழுக்க முட்டியில் இறங்கும். அம்மா நடந்தே தீருவேன் என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு, முடிந்த மட்டும் ஏறட்டும். இறங்குவது ரோப் காரில் இருக்கட்டும். நடக்க முடியாத நாளில் இரண்டு வழியும் ரோப் கார்தான். அதனால் அவர் பக்தி குறைந்துவிடாது. கார்த்திகை மாதம் நரசிம்மர் கண் திறக்கும் மாதம் என்பதால் கூட்டம் தாங்காது, அவரை அழைத்துப் போக வேறு மாதம் பாருங்கள்.

அதே சோளிங்கர் பற்றி, அரக்கோணத்திலிருந்து: குரங்குத் தொல்லை?

இருக்கிறது. கையில் பிளாஸ்டிக் பை தெரியக்கூடாது, அதன் சத்தமே அவற்றை அழைத்துவிடும். முதுகுப் பையின் ஜிப்பைத் திறக்கவும் தெரியும். பற்றிக்கொண்டால் இழுத்துப் போராடாதீர்கள், விட்டுவிடுங்கள். கடி வாங்கினால், நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், ரயிலில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: சோளிங்கர் ரயில் நிலையம் இருப்பது பாணாவரத்தில். ஊருக்கு அங்கிருந்து மறுபடி பஸ் பிடிக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து: என்னென்ன எடுத்துக்கணும்? பிரியாணி கட்டிட்டுப் போகலாமா?

பிரியாணியை இறங்கி வந்து சாப்பிடுங்கள். ஏறும்போது வயிறு கனத்தால் கால் நகராது, காரத்துக்குத் தண்ணீரும் தீர்ந்துவிடும். புளிசோறு, வெள்ளரிக்காய், வேர்க்கடலை உருண்டை போதும். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், பங்கு போட்டுக்கொள்ளும் கணக்கு வேண்டாம். அதில் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்திருக்கட்டும். தொப்பி, சின்ன டார்ச், சில்லறை. கோயில் படிகளில் வெறுங்காலோடு ஏறுபவர்கள் ஒரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் குளிர்ந்திருந்த கல் பதினொரு மணிக்குத் தோசைக்கல் ஆகிவிடும். கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் உங்களோடே திரும்பி வர வேண்டும். சுனையில் சிப்ஸ் கவர் மிதப்பதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

திருவலத்திலிருந்து: கூட வர்றவங்கள்ல ஒருத்தர் மெதுவா நடப்பார். எப்படிச் சமாளிக்கறது?

அவரை முன்னால் விடுங்கள். வேகமாக நடப்பவர் கடைசியில் வரட்டும். வேகக்காரர்கள் முன்னே போய் நின்று, மெதுவானவர் வந்து சேர்ந்த உடனே கிளம்பினால், ஓய்வே கிடைக்காதவர் அவர்தான். வெயிலில் ஒருவர் திடீரென்று பேச்சுக் குறைந்து, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, விசிறி, 108க்கு அழையுங்கள். அன்றைக்கு உச்சி வேண்டாம்.

பொன்னை பக்கத்திலிருந்து: பாறையில தேன்கூடு இருந்தா?

பெரிய மலைத்தேனீ என்றால் அந்த வழியையே விட்டுவிடுங்கள். கல் எறிவது, புகை, சத்தம் எதுவும் கூடாது. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். தேனீக்கள் கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடி ஓடி விலகுங்கள், கையை வீசி அடித்தால் இன்னும் வரும்.

வேலூரிலிருந்து: எந்த மாதம் நல்லது?

மார்கழி, தை. மழை விட்டிருக்கும், சுனையில் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை பாசி பிடித்து வழுக்கும், இடி கேட்டால் உடனே இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் ஏறி ஒன்பதுக்குள் இறங்க முடிந்தால் மட்டும்.

மறுபடியும் அந்தக் காட்பாடி மாணவர்: வள்ளிமலை மதியமே முடிஞ்சிடும் போல இருக்கே அண்ணா. மீதி நேரம்?

மேல்பாடிக்கு வாங்க, பக்கத்து ஊர்தான். பொன்னையாற்றங்கரையில் ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், இருக்கிறது. சின்னக் கோயில், சுற்றிலும் ஊர் அமைதியாக இருக்கும். ஏறி இறங்கிய காலை நீட்டி நிழலில் உட்காரலாம். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் வெளிச்சம் கல் சுவரில் சாய்ந்து விழும்போது செதுக்கல் எல்லாம் எழும்பித் தெரியும். அங்கேயும் இறங்கியதும் முதல் வேலை, காட்பாடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைப்பது.