பாரதியின் காதில் விழுந்தவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாரதியாருடைய வாழ்க்கையையும் அவருடைய கவிதை எங்கிருந்து ஊறியது என்பதையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை, தமிழாசிரியை): பாரதியின் கவிதைக்கு முதன்மையான ஊற்று தேசபக்தியா, சக்தி வழிபாடா?

அம்மா, இரண்டுமே அவர் எதைப் பாடினார் என்பதற்கு விடையாகுமேயன்றி, பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையாகாது. என் கணிப்பில் அவருடைய ஊற்று அவருடைய காதுதான். குயில் பாட்டில் குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த ஓசைகளை வரிசையாகச் சொல்கிறதே, அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். கடலின் ஓலத்தோடும் அருவியின் ஒலியோடும் ஏற்றம் இறைப்பவரின் பாட்டும், நெல் இடிக்கும் பெண்கள் 'குக்கு' என்று கொஞ்சும் ஒலியும், சுண்ணம் இடிப்பவரின் பண்ணும், வளைக்கரங்கள் ஒலிக்க வட்டமிட்டுக் கொட்டும் கும்மியும் அதில் வருகின்றன. வீணையும் குழலும் அந்த வரிசையின் கடைசியில்தான் இடம்பெறுகின்றன. அது குயிலின் பட்டியல் என்று எனக்குத் தோன்றவில்லை; கவிஞருடைய பட்டியல்தான்.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்படியானால் அவர் நாட்டுப்புற மெட்டுகளை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டாரா, அல்லது அவை தாமாக வந்து அமைந்தனவா?

வேண்டுமென்றேதான் எடுத்தார். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதம் முதற்பாகத்தின் முன்னுரையில், எளிய பதங்களும் எளிய நடையும் பொதுஜனங்கள் விரும்பும் மெட்டும் உடைய காவியம் ஒன்றைச் செய்து தருபவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காவியத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட யாப்பு நொண்டிச் சிந்து. களவில் அகப்பட்டுக் காலை இழந்த ஒருவன் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே தன் கதையைச் சொல்லும் நொண்டி நாடகத்துக்கு உரிய மெட்டு அது. மகாபாரதத்தின் அரச சபையை, அதுவும் திரௌபதியின் சபதத்தை, தெருக்கூத்துத் திருடனுடைய தாளத்தில் பாடத் துணிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதற்கு விதை இளமையிலேயே விழுந்துவிட்டது. அவர் பிறந்த எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அந்தச் சீமை முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னாளில் போலிச் சுதேசிகளைப் பழிக்கக் கிளிக்கண்ணியையும், பெண் விடுதலையைப் பாடக் கும்மியையும், 'நல்ல காலம் வருகுது' என்று நாட்டுக்கே குறி சொல்லக் குடுகுடுப்பைக்காரனின் குரலையும் அவர் எடுத்துக்கொண்டார். 'சின்னஞ் சிறு கிளியே' பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்து ஸ்வரமும் எழுதி வைத்திருக்கிறார். இன்று நாம் அதை ராகமாலிகையாகக் கேட்டுப் பழகிவிட்டோம் என்பது வேறு கதை.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): வறுமைதான் அவரைப் பெருங்கவிஞராக்கியது என்கிறார்களே?

தம்பி, இந்தப் பேச்சு எனக்கு உவப்பானதன்று. 1908இல் அவர் புதுச்சேரிக்குப் போனார்; 'இந்தியா' பத்திரிகை நின்ற பிறகு வருமானமும் போயிற்று. 1918 வரையில் அங்கே இருந்த பத்து ஆண்டுகளில்தான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன என்பது உண்மை. ஆனால் அவருக்குக் கிடைத்தது பசியினால் வந்த அருள் அன்று. அன்றாடப் பத்திரிகை வேலையின் நெருக்கடி தளர்ந்த நிலையும், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் போன்றவர்களோடு நாள்தோறும் பேசும் வாய்ப்பும்தான். குருவிக்கு அரிசி இறைத்த கதையை நாம் நெகிழ்ந்து நெகிழ்ந்து சொல்கிறோம். அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று அடுப்படியில் நின்ற செல்லம்மாளை நினைப்பவர் குறைவு.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஷெல்லி, விட்மன் முதலிய அயல்நாட்டுக் கவிகளின் பங்கு எவ்வளவு?

'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட அளவுக்கு இளமையில் ஷெல்லியின்மேல் பற்று இருந்தது. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானிய ஹைக்கூவைப் பற்றியும் எழுதினார். விட்மனுடைய பாட்டில் எதுகையும் மோனையும் தளையும் இல்லை, வசனம் போலவே இருக்கிறது என்று அவர் குறித்துவைத்த செய்தியைத்தான் பலரும் வசன கவிதைக்கு மூலமாகக் காட்டுகிறார்கள். விட்மன் துணிவு கொடுத்திருக்கலாம். மூச்சு வேதத்தினுடையது என்பது என் எண்ணம். அரவிந்தரோடு வேதம் படித்தவர் தம் வசன கவிதையில் ஞாயிற்றையும் காற்றையும் அழைக்கும் முறையே அதற்குச் சான்று. ஆனாலும் அந்தக் காற்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: ஒரு மாடியில், தென்னோலைப் பந்தலில், மூங்கிற்கழியில் தொங்கும் இரண்டு சிறு கயிறுகளிடம். ஒன்று ஒரு சாண், மற்றது முக்கால் சாண். அவற்றுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்துக் காதல் பேச வைக்கிறார். அந்தக் கயிறுகள் வேதத்திலும் இல்லை, விட்மனிடத்திலும் இல்லை.

கேள்வி (சேலம்): விவேகானந்தரின் சீடரான நிவேதிதையைச் சந்தித்தது உண்மையில் திருப்புமுனையா?

ஆம். 1905இல் காசிக் காங்கிரஸுக்குப் போய்த் திரும்பும் வழியில் சந்தித்தார். 1908இலும் 1909இலும் வெளியிட்ட இரண்டு கவிதை நூல்களையும் அவருக்கே காணிக்கையாக்கினார். பெண்ணைப் பற்றிய அவருடைய பார்வையில் அந்தச் சந்திப்பின் தடம் தெரிகிறது, மெட்டில் தெரியவில்லை.

கேள்வி (புதுச்சேரி): குயில் பாட்டின் மாஞ்சோலை எங்கள் ஊர்த் தோப்புதானே? அதில் வேதாந்தப் பொருள் இருக்கிறதா?

உங்கள் ஊர்த் தோப்புதான். புதுவைக்கு மேற்கே சிறு தொலைவில் என்று பாட்டே இடம் சொல்கிறது; அவருடைய நண்பர் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு என்பார்கள். வேதாந்தத்தைப் பொறுத்தவரை, விரித்துப் பொருள் சொல்ல இடமிருந்தால் நீங்களே கூறுங்கள் என்று புலவர்களிடம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். தன்னிடம் சொன்ன காதல் வசனங்களையே குயில் குரங்கிடமும் மாட்டிடமும் சொல்லக் கேட்டுக் கொதிக்கும் காதலனைப் படைத்தவர், வேதாந்தத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம், கனவு கலைந்து அவர் கண் விழிக்கும் அடிகள்தான். சோலையும் குயிலும் மறைந்துபோகின்றன. பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய் எல்லாம் சுற்றிலும் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் தாம் வீட்டில் இருப்பதை அவர் உணர்கிறார்.