ஸ்கூட்டியை விற்றாச்சு, ஆர்.சி. இன்னும் உங்கள் பேரிலா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் ஸ்கூட்டியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய வண்டி வாங்கி விற்கும் உள்ளூர் கன்சல்டிங் கடையில் கொடுத்தேன். பணம் வந்துவிட்டது. நாலைந்து பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், பேர் மாற்ற என்று 1,500 ரூபாயும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது மதுரையிலிருந்து என் போனுக்கு சலான் வருகிறது. ஹெல்மெட் இல்லையாம், மூன்று பேர் போனார்களாம். கடைக்காரரோ, 'வண்டி ரெண்டு கை மாறிப்போச்சும்மா, கட்டிடுங்க, ஒண்ணும் ஆகாது' என்கிறார். கட்டினால் தீர்ந்துவிடுமா? நாளைக்கு அந்த வண்டி யாரையாவது மோதினால் நான் மாட்டிக்கொள்வேனா?"

சலானைக் கட்டினால் தீராது. மோதினால் நஷ்ட ஈட்டு வழக்கில் உங்கள் பேர் வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, இப்போதே இறங்கினால் சரிசெய்ய முடியும் என்பதால் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். வண்டி யார் வாசலில் நிற்கிறது, யார் பெட்ரோல் போடுகிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தக் கார் 2007இல் விற்கப்பட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கைக்குப் போய், 2009இல் விபத்து நடந்தது. பதிவேட்டில் பேர் மாறவே இல்லை, அதனால் முதலில் விற்றவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. அடிபட்டவர், யார் யாருக்கு விற்றார்கள் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் காரணம். அதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக, இன்று ராத்திரியே, எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஓனர் பேருக்குக் கீழே இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அந்தத் தேதி தாண்டவில்லை என்றால் மூச்சு விடலாம், விபத்து நடந்தாலும் அடிபட்டவருக்குப் பணம் தர வேண்டியது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி. தாண்டியிருந்தால்தான் சிக்கல், கோர்ட் சொல்லும் தொகை நேராக உங்கள் தலையில் விடியும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய டூவீலர்களுக்கு ஐந்து வருஷ மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸை (நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கான காப்பீடு) புதிதிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவதால், அது எப்போது முடிகிறது என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுபவரோ அதைப் புதுப்பிப்பதே இல்லை. முடிந்துபோயிருந்தால் மூன்றாம் தரப்பு பிரீமியத்தை மட்டுமாவது நீங்களே கட்டிவிடுங்கள் என்பேன். விற்ற வண்டிக்கு நான் ஏன் கட்டணும் என்று எரிச்சல் வரும்தான். ஆனால் ஸ்கூட்டிக்கு அது ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் முடிகிற செலவு, விபத்து நஷ்ட ஈடு லட்சங்களில் போகும்.

ஜெயில் பயம் வேண்டாம். குற்றம் செய்தவருக்குத்தான் தண்டனை. அந்த வண்டியில் போய் யாராவது செயின் பறித்தால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்கு வரும், வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும், அதைச் சொல்வது ஓனரின் கடமை என்று 133வது பிரிவு சொல்கிறது. கையில் ஆதாரம் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஓட்டியவன் 18 வயதுக்கு உட்பட்ட பையன் என்றால் மட்டும் கவனம், 199ஏ பிரிவில் ஓனருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை தண்டனையும் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இப்போது கன்சல்டிங் கடைக்கு வருகிறேன். உங்களிடம் வாங்கியது பார்ம் 29 (வண்டியை விற்றதாக விற்றவர் தெரிவிப்பது), பார்ம் 30 (பேர் மாற்றும் விண்ணப்பம்). தேதி இல்லை, வாங்குபவர் பேர் இல்லை, உங்கள் கையெழுத்து மட்டும். இதை ஓப்பன் பார்ம் என்பார்கள். அந்தப் பேப்பரையும் ஆர்.சி. புக்கையும் வைத்துக்கொண்டு வண்டியை ஐந்து பேருக்குக் கூட விற்கலாம், ஒருவரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போக வேண்டியதில்லை. பேர் மாற்றுவதற்கு என்று வாங்கிய பணம் கடைக்காரர் பாக்கெட்டிலேயே இருக்கும். இன்னொன்று 20 ரூபாய் பத்திரம்: "இன்றிலிருந்து எல்லா வில்லங்கத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு" என்று எழுதி, மணி குறித்து, சாட்சி போட்டுத் தருவார்கள். அது உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான பேச்சு, அவ்வளவுதான். அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. என்னிடம் வருகிறவர்கள் அந்தப் பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கசங்காமல், அவ்வளவு நம்பிக்கையோடு எடுத்து நீட்டும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் உள்ள டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது பார்ம் 29சி என்று ஒன்றை ஆன்லைனில் பதிவு செய்வார்கள், அதன்பிறகு அந்த டீலரையே ஓனராகக் கருத வேண்டும். டீலர் அங்கீகாரம் பெற்றவராக இருந்தால் மட்டும் போதாது, 29சி பதிவாகியிருக்க வேண்டும், பதிவானதற்கான ஒப்புதல் உங்கள் கையில் இருக்க வேண்டும். போர்டில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதெல்லாம் கணக்கில்லை, ஜி.எஸ்.டி. நம்பரைக் காட்டி அதுதான் அங்கீகாரம் என்பவர்களும் உண்டு. நீங்கள் கொடுத்த கடையில் 29சி போட்டார்களா என்று கேளுங்கள். முழித்தால், போடவில்லை.

அப்புறம் செய்ய வேண்டியது. பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், பத்திரம் இருந்தால் அதன் நகல், எல்லாவற்றையும் சேருங்கள். சலானோடு வரும் போட்டோவையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் இடமும், பல நேரம் ஓட்டுகிற ஆளின் முகமும் அதில் இருக்கும், உங்களுக்கு அது சாட்சி. வண்டியை இன்ன தேதியில் இன்ன கடைக்கு விற்றேன் என்று எழுதி, பார்ம் 29ஐயும் நிரப்பி, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 50வது பிரிவு. தாமதமானாலும் தெரிவிப்பது நல்லது. வண்டியை பிளாக் லிஸ்டில் வைக்கும்படி, அதாவது பதிவேட்டில் அதற்குத் தடைக்குறி போடும்படி, அதே கடிதத்தில் கேளுங்கள். இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, பேர் மாறும்வரை பொறுப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் போலீஸிலும் கோர்ட்டிலும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்ட இது வேண்டும்.

நேரில் போனால் கவுன்டரில் "வாங்கினவரைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். வாங்கினவர் யார் என்று தெரியாததுதானே பிரச்சினையே? விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி இத்தனை வருஷமாகியும், விற்றவர் ஒற்றை ஆளாகப் போய்த் தன் பேரை எடுக்க ஒரு நேர்வழி இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் இது சிவில் மேட்டர், ஆர்.டி.ஓ.வைப் பாருங்கள் என்பார்கள். இப்படி அலையவிட்டே ஜனங்களைப் புரோக்கரிடம் தள்ளுகிறார்கள். விடாதீர்கள். கடைக்காரர் பேர் மாற்றப் பணம் வாங்கி ஏமாற்றியதாக ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், தராவிட்டால் அதே புகாரை எஸ்.பி. ஆபீஸுக்குத் தபாலில் அனுப்புங்கள்.

புகார் போனதும் பெரும்பாலும் கடைக்காரரே போன் பண்ணுவார், வாங்கினவர் நம்பரும் திடீரென்று கிடைத்துவிடும். அப்போது இன்னொரு தடவை பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்கினவரை ஆதாரோடு வரச் சொல்லி, நீங்களும் கூடவே இருந்து விண்ணப்பம் போடுங்கள், பாக்கி சலான்களை அவரே அங்கேயே கட்டட்டும், எம்பரிவாகனில் அவர் பேர் வந்த பிறகு புகாரை வாபஸ் வாங்கலாம்.