எலும்பு கூடிவிட்டது, ஆட்டம் கூடவில்லையே டாக்டர்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, 11ஆம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் டேக்கிள், அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கை இடது பக்கம் நின்று காக்கிறவன். போன அக்டோபரில் ஆட்டத்தின் நடுவே ஒரு பையன் பின்பக்கமாக அவன் இடது கால்மேல் விழுந்துவிட்டான். கணுக்கால் எலும்பு உடைந்து, மேலே இருக்கும் நாரும் கிழிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆகஸ்ட்டில் "இனி ஆடலாம்" என்று விட்டார்கள். ஆனால் பழைய ஆட்டம் இல்லை. எதிரணிப் பையன்கள் இவனை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு குவாட்டர்பேக்கிடம் போய்விடுகிறார்கள். இப்போது பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். 6 அடி 3 அங்குலம், 128 கிலோ இருக்கிறான். அவன் அப்பா இன்னும் எடை ஏற்றச் சொல்கிறார். எனக்கோ அந்த பிளேட்தான் தொந்தரவு செய்கிறதோ என்று சந்தேகம். தேறி வருவானா?

பதில்: தேறி வருவான் என்றுதான் நினைக்கிறேன் அம்மா. ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"ஆடலாம்" என்று டாக்டர் சொன்னால் எலும்பு இனி பாரம் தாங்கும் என்று பொருள், அவ்வளவுதான். பழையபடி ஆடுவான் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே பல மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு முழு சீசனே போய்விடும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் சரியில்லை என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசை லைனில் நின்று தடுக்கிறவனுடைய கால் சரியில்லை என்பது யார் கண்ணிலும் படாது. குவாட்டர்பேக் கீழே விழுந்த பிறகுதான் "யார் விட்டது?" என்று தேடுவார்கள்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளி மைதான ஓரத்தில் டாக்டராக நிற்பது என் வழக்கம். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். லெஃப்ட் டேக்கிள் பந்து கிளம்பியதும் உட்காருகிற மாதிரி தாழ்ந்து, இடது காலைப் பின்னால் வைத்துச் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். கிக் ஸ்லைடு என்பார்கள், உங்கள் வீட்டில் இந்நேரம் ஆயிரம் தடவை கேட்டிருக்கும். அப்படித் தாழ்வதற்குக் கணுக்கால் நன்றாக மடங்கி, முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே வர வேண்டும். ஆபரேஷன் ஆன கணுக்கால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இறுகிப்போயிருக்கும். கணுக்கால் மடங்காவிட்டால் குதிகால் தரையை விட்டு எழும்பும், இடுப்பு உயரும், பையன் நிமிர்ந்துவிடுவான். தாழ்ந்து நிற்பவன்தான் ஜெயிப்பான் என்று லைன் கோச்சுகள் கத்திக்கொண்டே இருப்பது சும்மா இல்லை. நிமிர்ந்தவனைச் சுற்றிக்கொண்டு ஓடுவது சுலபம். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக அதுதான்.

அவன் பின்னால் சறுக்குவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடது குதிகால் எழும்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் வெறுங்காலோடு சுவர் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். குதிகாலை எடுக்காமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் காலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி. எவ்வளவு தூரம் வரை தொட முடிகிறது என்று பெருவிரலிலிருந்து சுவர் வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள், இரண்டு காலுக்கும். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிசியோதெரபி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், இன்ஷூரன்ஸ் கணக்குப்படி எப்போதோ முடிந்திருந்தாலும் சரி.

இன்னொன்று ஆடுசதை. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். வலது காலில் இருபது தடவை வருகிறது, இடது பத்தில் நடுங்குகிறது என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. ஆடுசதையை வளர்க்கக் குறுக்கு வழி கிடையாது. இதே குதிகால் தூக்கும் பயிற்சிதான், வாரம் மூன்று நாள், முழங்காலை நீட்டியும் மடக்கியும், தோளில் எடையோடு, குறைந்தது மூன்று மாதம். பார்க்க அலுப்பான பயிற்சி. அதனால்தான் பையன்கள் படுத்தபடி எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் அடிக்கப் போய்விடுகிறார்கள்.

பயமும் ஒன்று உண்டு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. பின்னால் ஆட்கள் குவியும்போது அந்தக் காலை அறியாமலே பின்வாங்குவான். அதைப் பலவீனம் என்று திட்ட வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள் ரானி ஸ்டான்லி. 2019இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் சிறந்த அணியில் இடம் பிடித்தவர். 2020 அக்டோபர் கடைசியில் பெரிய ஒப்பந்தம் போட்டார். அந்த மை காயும் முன்பே, நவம்பர் 1 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் இடது கணுக்கால் போயிற்று. 2021இல் முதல் ஆட்டத்துக்கு வந்தார், தடுமாறினார், அதோடு அந்த சீசன் முடிந்து மறுபடி ஆபரேஷன். 2022இல் ஐந்தாவது வாரம்தான் களம் இறங்கினார். 2023இல் முழங்காலில் அடி. அந்த சீசனில் இன்னொருவரோடு மாறி மாறி ஆட வைத்தார்கள். இவர் கதை முடிந்தது என்று எழுதாதவர்கள் குறைவு. 2024இல் 17 ஆட்டமும் ஆடினார், லீக்கின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். மறு வருஷம் அதே அணி 3 ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. நான் அவருக்கு வைத்தியம் பார்த்தவன் இல்லை. வெளியே தெரிந்த தேதிகளை மட்டும் வைத்துப் பார்த்தாலும், நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்றே முடியவில்லை.

இனி நான் பாக்கி வைத்த விஷயம், குருத்தெலும்பு. எலும்பு கூடும், நார் ஒட்டும், சதை வளரும். மூட்டுக்குள் வழவழவென்று இருக்கும் குருத்தெலும்பு மட்டும் சேதமானால் பழையபடி வளராது. எக்ஸ்ரேயில் அது தெரியாது, அதனால் "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ரயன் ராம்சிக் நல்ல டேக்கிள். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து, 2024 முழுக்க ஆட முடியாமல், 2025இல் ஓய்வு பெற்றுவிட்டார். அங்கே மன உறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஆட்டம் அல்லது கடும் பயிற்சி முடிந்த மறுநாள் காலை கணுக்கால் வீங்குகிறதா, மூட்டின் ஆழத்தில் வலிக்கிறதா, சட்டென்று பிடித்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஆபரேஷன் செய்தவரிடம் போய் எம்ஆர்ஐ கேளுங்கள். உலோக பிளேட் இருப்பதால் படம் கொஞ்சம் மங்கலாக வரும், ஆனாலும் பார்க்க முடியும்.

பிளேட்டைப் பற்றி: ஷூ உரசி அந்த இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்றால் தவிர எடுக்கத் தேவையில்லை. எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைபடும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும், இன்னும் சில வாரம் வீணாகும். ஆட்டம் கெட்டதற்கு பிளேட் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எடையில் அவன் அப்பாவோடு ஒத்துப்போக மாட்டேன். அரைகுறையாகத் தேறிய கணுக்காலுக்கு மேலும் பத்துக் கிலோவா? நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடும். வீட்டில் யாருக்காவது இருந்தால் இவனுக்கும் இப்போதே ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறானா என்றும் கவனியுங்கள். பெருத்த லைன்மேன்களிடம் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் தொல்லை சகஜம். சரியாகத் தூங்காதவனுக்குச் சதை வளராது.

களத்தில் கணுக்காலில் சுற்றும் டேப்பைவிட நாடா கட்டும் பிரேஸ் (கணுக்கால் உறை) நல்லது. டேப் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும், பிரேஸை நடுவில் இறுக்கிக்கொள்ளலாம்.

முக்கியமான ஒன்று. அவன் ஸ்போர்ட்ஸ் பையைத் திறந்து இபுபுரோஃபென் டப்பா இருக்கிறதா பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் நாலு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கும் பையன்களை வாராவாரம் பார்க்கிறேன். வியர்த்துக் கொட்டும்போது அது சிறுநீரகத்துக்கு ஆகாது. அதுவுமில்லாமல், மறுநாள் வீக்கத்தை வைத்து மேலே சொன்ன கணக்கெல்லாம் தப்பாகிவிடும். ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் கணுக்காலைப் பாருங்கள்.